காமன் கூத்தும் மின்னலைகளும்: இன்பம் எங்கே நிகழ்கிறது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா வட்டாரங்களின் தேயிலைத் தோட்டங்களில், மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையளவில் கம்பம் ஊன்றித் தொடங்கிப் பௌர்ணமியையொட்டி நிறைவு பெறும் காமன் கூத்து, நாடகமும் நேர்த்திக்கடனும் ஒன்றாகவே நடக்கும் நிகழ்வு. யோகத்தில் அமர்ந்த சிவன்மீது மன்மதன் மலரம்பு தொடுக்கிறான்; நெற்றிக்கண் தீயில் சாம்பலாகிறான்; இரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன் அவனை எழுப்பித் தருகிறார், ஆனால் எழுந்தவன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன், ஏனையோர்க்கு உருவிலி. தஞ்சை வட்டாரத்தில் இக்கதை எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று பாடும் லாவணிப் போட்டியாக வளர்ந்தது. காமன் மெய்யாகவே எரிந்தானா, எரிந்தது போலத் தோன்றினானா என்பதே அவ்வழக்கு. விடியும்வரை பாடினாலும் தீராத வழக்கு அது; தீராததற்குப் பாடுவோரின் நாவன்மை மட்டும் காரணமன்று, காமம் உடலைச் சார்ந்ததா அன்றா என்ற மெய்யியல் வினா அதற்குள் மறைந்திருப்பதும் காரணம்.

அவ்வினாவை நம் காலத்துக்குரிய ஒரு பொருள்மீது வைத்துப் பார்க்கலாம். மின்வழிப் பாலின்பத் தூண்டல் எனப்படும் வழக்கத்தின் ஒருவகையில், ஒலிபெருக்கிக்குச் செல்ல வேண்டிய மின்சமிக்ஞை ஒலியாக மாற்றப்படாமல், தோலில் ஒட்டிய மின்வாய்கள் வழியே நரம்புகளுக்குச் செலுத்தப்பட்டு, எவர் கையும் படாமலே தொடுகையுணர்வு எழுப்பப்படுகிறது. இதில் ஈடுபடுவோரின் முதன்மையான தேடல் எந்த மீடிறனும் எந்த அலைவடிவமும் மிகுந்த இன்பம் தரும் என்பதே. மீடிறன் என்பது தமிழகத்தார் அதிர்வெண் என்று வழங்குவது, அதாவது ஒரு வினாடியில் அலை எத்தனை தடவை மீள்கிறது என்னும் எண்ணிக்கை. அலைவடிவம் என்பது ஒவ்வொரு சுற்றிலும் அவ்வலை ஏறி இறங்கும் உரு. இப்படியொரு தேடலைப் பற்றி எழுதுவது நாணத்துக்குரியதென்று கருதுவோர் உண்டு. 1330 குறள்களில் 250ஐக் காமத்துப்பாலுக்கு ஒதுக்கிய நூலையும், மூன்றாம் தந்திரத்தில் பரியங்கயோகம் என்று தனிப் பகுதி வகுத்து ஆண் பெண் கூட்டத்தை யோகமாக ஆராய்ந்த திருமந்திரத்தையும் போற்றிக் காக்கும் ஒரு மொழிக்கு, அந்த நாணம் அண்மையில் வந்து சேர்ந்த விருந்தாளி என்றே சொல்ல வேண்டும்.

முதலில் உடலியல் சொல்வதைக் கேட்பது முறை, ஏனெனில் மெய்யியல் பேசுவோர் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். நரம்பிழை ஒன்று தூண்டப்பட வேண்டுமானால், அதன் சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு ஓர் எல்லையைக் கடந்து குறைய வேண்டும். அவ்வெல்லையைக் கடக்க எவ்வளவு மின்னோட்டம் தேவை என்பது, அம்மின்னோட்டம் எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதைப் பொறுத்தது என்று 1901இல் வைஸ் என்பவரும், 1909இல் லாப்பிக் என்பவரும் பிரான்ஸில் காட்டினர். தொடுகையுணர்வைக் கொண்டுசெல்லும் தடித்த இழைகள் மிகக் குறுகிய துடிப்புக்கே விழித்துக்கொள்ளும்; வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளை எழுப்ப நீண்ட துடிப்போ வலிய மின்னோட்டமோ வேண்டும். ஆகவே ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் சில பங்கே நீடிக்கும் துடிப்புகள் வலியின்றித் தொடுகையை மட்டும் எழுப்ப இடம் இருக்கிறது. மெல்ல ஏறுகின்ற அழுத்தத்துக்கு நரம்பு தன்னைப் பழக்கிக்கொண்டு வாளாவிருக்கும் இயல்புடையதாதலால், விளிம்பு செங்குத்தாக ஏறும் சதுர அலை கூர்மையாக உணரப்படுகிறது. குறைந்த மீடிறனில் வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையோ, அதே உயரத்துக்கு ஏறினாலும், வேறொரு தன்மையோடு உணரப்படுகிறது. அலைவடிவம் பற்றிய விவாதம் வெறும் ரசனைச் சண்டையாக நின்றுவிடாததற்கு இதுவே காரணம்.

மீடிறன் பற்றியும் இவ்வாறே உறுதியாகச் சில கூறலாம். வினாடிக்குப் பத்துக்குக் குறைந்த துடிப்புகள் தனித்தனித் தட்டல்களாக உணரப்படுகின்றன. முப்பது, ஐம்பது என்ற அளவை எட்டும்போது தசை ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே தளர நேரமின்றித் தொடர்ச்சியாக இறுகுகிறது. ஆயிரத்துக்கு மேலே செல்லுமிடத்து, ஒருமுறை எழுந்த நரம்பிழை மறுமுறை எழுவதற்கு வேண்டிய ஓய்வு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு வினாடி என்பதால், ஒவ்வோர் அலைக்கும் ஒரு மறுமொழி தர அதனால் இயலாது. தோல் மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால் மீடிறன் உயர உயர அதன் தடை குறைந்து மின்னோட்டம் எளிதாக உட்புகும் என்பதும் இங்கே சேர்த்து நோக்கத்தக்கது. இவற்றையெல்லாம் கருதியே, சில நூறு ஹெர்ட்ஸில் அமைந்த ஒரு விரைவலையைச் சுமந்துசெல்லும் அலையாக வைத்து, அதன் உயரத்தை வினாடிக்கு ஒருமுறையோ இருமுறையோ மெல்லக் கூட்டிக் குறைத்து அலைபோல வரச் செய்யும் உத்தி விரும்பப்படுகிறது. நரம்பு ஒரே மாதிரியான தூண்டலுக்கு விரைவில் மரத்துப்போகும். மாறிக்கொண்டே இருப்பதுதான் அதற்கு உயிருள்ளதாகத் தோன்றும்.

இத்தகைய அறிவு பட்டியலாக உருமாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. இந்த எண்ணுக்கு இன்ன உணர்வு, அந்த வடிவுக்கு இன்ன கிளர்ச்சி என்று வரிசைப்படுத்தப்பட்ட அட்டவணைகளை நம்புவோர், எண்ணைச் சரியாக வைத்துவிட்டால் இன்பம் தானே விளையும் என்று கருதுகின்றனர். இந்த நம்பிக்கை புதிதன்று. மன்மதனின் அம்பு ஐந்து. தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்று அவற்றுக்கு ஐந்து மலர். அவை விளைக்கும் நிலைகளும் சுப்பிரயோகம், விப்பிரயோகம், சோகம், மோகம், மரணம் என்று ஐந்து. ஆசை தோன்றிப் பேசத் தொடங்குவதில் ஆரம்பித்து உயிர் ஒடுங்குவதுவரை, மலருக்கு ஒரு விளைவு என்று வகுத்த மரபும் ஒருவகை அட்டவணையே. அவனுடைய வில் கரும்பு, நாண் வண்டுகளின் வரிசை. அதாவது காமத்தின் படைக்கலமே ஓயாது ரீங்கரிக்கும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டது. தேனீயின் சிறகு வினாடிக்கு ஏறத்தாழ இருநூறு முதல் முந்நூறு தடவை அடிக்கிறது. தோலின் ஆழத்தே உள்ள பசினி நுண்ணுறுப்புகள் அதிர்வை மிக நுட்பமாக உணர்வதும் அதே எல்லைக்குள். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்க இது வாய்ப்பான செய்தி. ஆனால் தற்செயலான பொருத்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வது சைவத்துக்கும் அறிவியலுக்கும் ஒருங்கே இழுக்கு.

எண் விளைவைத் தருகிறதா என்ற வினாவுக்கு மலையகம் தன்னிடத்திலேயே ஒரு சோதனைக்களத்தை வைத்திருக்கிறது, அது தப்பு என்னும் பறை. மலைப்பனியில் ஈரம் ஏறித் தொய்ந்துபோன தோலைக் கூத்துக்கு முன் வைக்கோலோ சருகோ மூட்டிய தீயருகே பிடித்து, வட்டத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக் காட்டி, விரல் நுனியால் சுண்டிச் சுண்டிப் பார்த்து, மொத்தென்ற ஓசை மாறிக் கணீரென்று பேசும் பதம் வந்த பிறகே தப்புக்காரர் அதைத் தோளில் மாட்டுகிறார். ஒரு கையில் தடித்த குறுங்குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் சிம்பு. முதலாவது கனத்த அடியைத் தர, இரண்டாவது அதன் இடைவெளிகளை நிரப்புகிறது. தீயில் காய்ச்சுவதால் தோல் இறுகுகிறது, இறுகுவதால் மீடிறன் உயர்கிறது. ஆக, அலையைத் தெரிவு செய்தல் என்பதை இம்மக்கள் கைப்பழக்கமாகவே அறிவர். அடி விரைந்து நெருங்குகையில் வீரபத்திரன் வேடமிட்டவர் உருவேறி ஆடுவதும், சூழ நிற்போரில் சிலர் மேல் சாமி வருவதும் காமன் கூத்தில் அறியப்பட்ட நிகழ்ச்சிகள்.

அப்படியானால் உருவேற்றியது அடியின் விரைவா? ஆம் என்றார் அன்ட்ரு நெஹர் என்னும் ஆய்வாளர். பறை முழங்கும் சடங்குகளில் மக்கள் தன்னிலை மறப்பதற்குக் காரணம், அடிகளின் மீடிறன் மூளையின் மின்னலைகளைத் தன்வழி இழுத்துக்கொள்வதே என்று 1962இல் அவர் எழுதினார். இதை மறுத்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு இசையறிஞர் ஜில்பேர் ரூஜே. 1980இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுப்பிய தடை எளியது: பறையடி தானாகவே மெய்மறக்கச் செய்யுமானால், பறை ஓயாத ஆப்பிரிக்காவில் மக்கள் ஆண்டு முழுவதும் மெய்மறந்தல்லவா இருக்க வேண்டும். ரூஜே ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்க வேண்டியதில்லை. தோட்டத்து வரலாறு அறிந்த எவரும் இதே தடையை எழுப்பியிருப்பர். விடியலுக்கு முன் தொழிலாளரை எழுப்பி, வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் தப்பே. அதே தோல், அதே குச்சி, பல வேளை அதே கை. பிரட்டுத் தப்புக்கு எவர்மீதும் சாமி வரவில்லை. பேர் பதியாமல் போய்விடுமோ என்ற பதைப்பும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓட்டமுமே வந்தன. காமன் கூத்தில் உருவேறுபவரோ காப்புக் கட்டி விரதம் இருந்தவர், கதையை அறிந்தவர், தம்மைத் தாங்கிப் பிடிக்கச் சுற்றத்தார் நிற்கின்றனர் என்று அறிந்தவர். அடி அவரிடம் வந்து சேருமுன்பே அவர் அதற்கு இடம் கொடுத்துவிட்டார்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் மிகத் துல்லியமான கருவிகளைத் தருகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் யாத்த சிவஞானபோதமும், அதன் வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரும், ஐம்பொறிகள், அவற்றுக்குரிய ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் புலன்கள், மனம், புத்தி, அகங்காரம் ஆகிய யாவும் மாயையிலிருந்து தோன்றிய தத்துவங்கள், சடமானவை என்று கொள்கின்றன. சடம் என்றால் தன்னையோ பிறவற்றையோ அறியமாட்டாதது. இதன்படி மின்னலை சடம். அது எழுப்பும் ஊறு, அதாவது தொடுபுலன், அதுவும் சடம். அதைப் பற்றும் தோலும், அதைத் தொகுக்கும் மனமும் சடம். இன்பம் என்று அறிவது உயிர் ஒன்றே. அவ்வுயிரும் தானாக அறிந்துவிடுவதில்லை. கலை, வித்தை, அராகம், காலம், நியதி என்னும் ஐந்து சட்டைகளைப் போர்த்துக்கொண்டே உலகை நுகர வருகிறது. இவற்றுள் அராகம் என்பது, இது வேண்டும் என்று உயிர் ஒன்றின்பால் சாயும் சாய்வு. கவனிக்கத்தக்கது என்னவெனில், இச்சாய்வு பொறிகளுக்குப் பின்னே தோன்றும் விளைவாக வைக்கப்படவில்லை. பொறிகள் தொழிற்படுமுன்பே உயிரைப் பற்றிநிற்கும் தத்துவமாக, அவற்றுக்கு மேற்படியில் வைக்கப்பட்டிருக்கிறது. சமிக்ஞை வந்து ஆசையைப் பிறப்பிக்கிறது என்பது அட்டவணைக்காரரின் கொள்கை. ஆசை முன்னே நின்று வாயிலைத் திறந்தாலன்றிச் சமிக்ஞை இன்பமாகாது என்பது சித்தாந்தம்.

இதற்கு உடலியலார் ஒரு தடை எழுப்பக்கூடும்: உயிர், அராகம் என்று கண்ணுக்குத் தெரியாதவற்றைச் சேர்க்காமலே, நரம்பு மண்டலத்தைக் கொண்டே யாவற்றையும் விளக்கிவிடலாமே என்று. அத்தடை வலுவற்றதன்று. 1965இல் மெல்சாக், வால் என்னும் ஆய்வாளர்கள் முன்வைத்த வாயிற் கொள்கையின்படி, தடித்த இழைகளின் தொடுகைச் செய்தி முதுகுத்தண்டில் வலிச் செய்திக்குரிய வாயிலை அடைக்கிறது; தோல்வழி மின்தூண்டலால் முதுகு வலியையும் தோள்வலியையும் தணிக்கும் இயன்மருத்துவம் இதையொட்டியே விளக்கப்படுகிறது. எனினும் அதே கொள்கை, மூளையிலிருந்து கீழிறங்கும் எதிர்பார்ப்பும் கவனமும் அச்சமும் கூட அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவை என்று சேர்த்தே சொல்கிறது. ஆக, உயிரை விலக்கி வைத்த விளக்கத்திலும், மேலிருந்து வரும் சாய்வுக்கு ஓரிடம் ஒதுக்க வேண்டியே வந்தது. அதை அராகம் என்பதா வேறு பெயர் சொல்வதா என்பது அடுத்த வழக்கு. கீழிருந்து ஏறும் அலை மட்டும் போதாது என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

ஐம்பது என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். வலி தணிக்கும் மருத்துவக் கருவிகளும் பாலின்பத் தூண்டலில் ஈடுபடுவோரும் விரும்பிக் கையாளும் எல்லைக்குள் அடங்குவது 50 ஹெர்ட்ஸ். இலங்கை மின்சார சபையின் கம்பிகளில் ஓடுவதும் 50 ஹெர்ட்ஸே. மலையகத்து நீரைக் கொண்டு 1950இல் லக்சபானவில் சுழலத் தொடங்கிய பொறிகளிலிருந்து அது நாடெங்கும் சென்றது. ஒரே எண். ஓரிடத்தில் இதமான சிலிர்ப்பு, மற்றோரிடத்தில் மரணம். மன்மதனின் ஐந்தாம் அம்புக்கு மரபு ஏன் அப்பெயரை இட்டது என்று இங்கே நினைவு வராமற் போகாது.

காமதகனத்தை மீண்டும் நோக்கினால், எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விட்டுவிட்ட ஒரு கூறு புலப்படுகிறது. காமம் தீயது என்பதால் சிவன் எரித்தார் என்ற பொருள் பலராலும் சொல்லப்படுவது. அது கதையோடு இசையவில்லை, ஏனெனில் அதே சிவன் உமையை மணக்கிறார், எரித்தவனையும் எழுப்பித் தருகிறார். கந்தபுராணத்தின் காமதகனப் படலம் காட்டும் நிகழ்ச்சியில் மன்மதனின் பிழை அம்பு வைத்திருந்தது அன்று. தேவர்கள் ஏவினர் என்பதற்காக, யோகத்தில் இருந்த ஒருவர்மேல் அவர் இசைவின்றி அதைத் தொடுத்தது. அம்பின் ஆற்றலில் அவனை ஏவியோர் வைத்த நம்பிக்கை அட்டவணைக்காரரின் நம்பிக்கையே: சரியான மலரைத் தெரிந்தெடுத்துவிட்டால் எதிரில் இருப்பவர் யார், அவர் எந்நிலையில் இருக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை என்பது. சாம்பலானது அந்த நம்பிக்கை. எழுந்தவன் இரதிக்கு மட்டும் புலப்படுபவனாக எழுந்ததும் இவ்வாறு நோக்கினால் தண்டனையின் எச்சமாகத் தோன்றாது. வேண்டி நின்றவளுக்கே அவன் வெளிப்படுகிறான் என்பது காமத்தின் இலக்கணமாகவே ஆகிவிடுகிறது. பரியங்கயோகத்தையும் இதனோடு வைத்து எண்ணலாம். அங்கே பேசப்படுவது இருவர் இணங்கி அடங்கி நின்று பயிலும் ஒழுக்கம், ஒருவர் மற்றொருவர்மீது நிகழ்த்தும் வித்தை அன்று.

இதிலிருந்து, மீடிறனையும் அலைவடிவத்தையும் கற்பது வீண் என்ற முடிவுக்குப் போவது தவறாகும். அவ்வறிவு இன்பத்தைத் தராது. ஆனால் தீங்கைத் தடுக்கும், அந்த அளவில் அது அறத்தின் பகுதி. ஒரே திசையில் பாயும் நேரோட்டம் மின்வாயின் கீழே அமிலத்தையும் காரத்தையும் சேர்த்துத் தோலைப் புண்ணாக்குவதால், இரு திசையிலும் சமமாகச் சென்று மீளும் அலையே ஏற்கத்தக்கது. அரை மில்லியம்பியர் அளவில் உணரப்படத் தொடங்கும் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம், பத்து மில்லியம்பியரை அண்டுகையில் பிடித்த கையை விடவொட்டாமல் தசையை இறுக்கும். முப்பதைத் தாண்டி நெஞ்சின் குறுக்கே சில கணம் நீடித்தால் இதயத்தின் ஒழுங்கு குலையக்கூடும். ஆகவே இன்பத் தூண்டலுக்கான மின்வாய்கள் இடுப்புக்கு மேலே, சிறப்பாக நெஞ்சுக்கு இருபுறமும் அல்லது கைக்குக் கையாக ஒருபோதும் அமையலாகாது. வீட்டு மின்னிணைப்போடு தொடர்புள்ள ஒலிபெருக்கி, தொலைபேசி மின்னூட்டி, கைவினையாகச் செய்த பெட்டி ஆகியவற்றை உடலோடு இணைப்பது, பழைய கம்பிகளில் மின்கசிவு ஏற்பட்டுத் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்கள் தீப்பற்றியதாக அடிக்கடி செய்தி வரும் தோட்டப் புறங்களில் மட்டுமன்றி, எங்கும் உயிராபத்து. மருத்துவத் தரத்துக்கமையச் செய்யப்பட்டு மின்கலத்தில் மட்டும் இயங்கும் கருவிக்கே இவ்விடயத்தில் இடமுண்டு. அப்போதும் அளவைக் கூட்டும் திருகு தூண்டப்படுபவரின் கையிலோ, அவர் சொன்னவுடன் நிறுத்துபவரின் கையிலோ இருக்க வேண்டும். இதயமுடுக்கி பொருத்தியவர்களும், இதய நோயோ வலிப்போ உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும் எந்த மீடிறனிலும் எந்த அலைவடிவிலும் இதை அணுகலாகாது.